பச்சை விறகு

செய்யாற்று மணலில் வண்டி இறங்கும்போதுதான், தான் எதன்மேல் படுத்திருக்கிறோம் என்று கீரத் சிங்குக்குத் தெரிந்தது. அதுவரை அது வெறும் விறகு. முடிச்சு முடிச்சாக முதுகில் குத்துகிற, வெட்டுவாயில் இன்னும் ஈரம் காயாத விறகு. உச்சிப்பொழுதில் சோளக்கொல்லை ஓரத்தில் கிடந்தவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வண்டியில் போட்ட மனிதன், தன் பேர் தாண்டவன் என்றும் பருந்துமலைக் கோட்டைக்குத்தான் போகிறேன் என்றும் சொல்லியிருந்தான். அது போதுமாக இருந்தது. கோட்டை என்ற சொல்லே ஒரு வாய்த் தண்ணீர் மாதிரி உள்ளே இறங்கியது. தொடையில் ஈட்டி கிழித்த இடத்தைத் தாண்டவன் தன் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டிருந்தான். தோற்று ஓடிவந்த குதிரைக்காரன் யாரோ என்று நினைத்துக்கொண்டான், இவனும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். ஆறு வந்தது, மாடுகள் மணலைப் பார்த்துத் தயங்கின. தாண்டவன் வாலை முறுக்கிக்கொண்டே, மாட்டிடம் பேசுகிற அதே குரலில் பின்னால் இருப்பவனுக்கும் சொன்னான். "ராசா செத்துட்டாருப்பா, ஒனக்குத் தெரியுமோ தெரியாதோ. தலப்பா மட்டும் நேத்து சாயங்காலம் கோட்டைக்கு வந்துச்சாம். ராணியம்மா இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள தீயில எறங்கறாங்க. அதுக்குத்தான் இந்தக் கட்டை." செத்துப்போன ராஜா விறகின்மேல் மல்லாந்தபடி ஆகாயத்தைப் பார்த்தான். மேகமே இல்லை. சூரியன் நெற்றிக்கு நேரே இருந்து சற்றே மேற்கே நகர்ந்திருந்தது. சற்றேதான்.

சொல்லிவிடலாம். நான்தான் அந்த ராஜா, சாகவில்லை, மாட்டை அடித்து ஓட்டு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சாலையெல்லாம் ஜெயித்த நவாபின் குதிரைகள் அலைகின்றன, சொன்னால் இவன் பயந்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவான், அல்லது ஓடமாட்டான், யாரிடமாவது போய்ச் சொல்லுவான், அல்லது நம்பாமல் சிரிப்பான். காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, எல்லாம் நியாயமான காரணங்கள்; எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்று கிடந்தது, அதைப் புரட்டிப் பார்க்க அவனால் முடியவில்லை. சொன்னால் இவன் தலையைப் பார்ப்பான். தலையில் பாகை இல்லை. முதலில் அதில் கை வைத்தது யார்? நேற்றுக் காலையிலிருந்து மனசு அங்கேயே போய் முட்டிக்கொண்டிருந்தது, சுவரில் முட்டுகிற ஈ மாதிரி. வற்றிப்போன ஏரிக்குள் சண்டை நடந்தது. குதிரை விழுந்தது. மதகுச் சுவருக்குப் பின்னால் அவனும் மாந்தாதாவும் மட்டும் இருந்தார்கள். மாந்தாதா அப்பாவின் தளபதியுடைய மகன், ஒரே முற்றத்தில் கூடவே வளர்ந்தவன், உயரமும் தாடியும் இவனைப் போலவே. சின்ன வயசில் சமையல்காரர்கள் பின்பக்கமாகப் பார்த்து இவன் என்று நினைத்து அவனைக் கும்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளம்புச் சத்தம். குங்குமப்பூ நிறப் பாகையைத் தேடித்தான் வருகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அப்புறம் பாகை மாந்தாதாவின் தலையில் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? மாந்தாதா கையை நீட்டினான். "கொடுங்கள்" என்றான். சொல்லியிருப்பான், சொல்லக்கூடியவன்தான். ஆனால் அந்தச் சொல் காதில் இல்லையே. பாகையின் மடிப்பில் குத்தியிருந்த தங்க ஊசி மதகுக் கல்லில் விழுந்து துள்ளிய சத்தம்தான் காதில் இருக்கிறது. அந்த ஊசியைக் கழற்றினால்தான் பாகை வரும். அது எங்கே இருக்கிறது என்று கட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும். இல்லை, மாந்தாதாவுக்கும் தெரியும், எத்தனை தடவை அவன் கட்டிவிட்டிருக்கிறான். தெரியும், அவனுக்கும் தெரியும். வண்டிச்சக்கரம் மணலில் ஆழமாக அறுத்துக்கொண்டு போயிற்று.

பிறகு நடந்தது எதிலும் சந்தேகம் இல்லை. மாந்தாதா சுவரைத் தாண்டிக் குதித்தான், வாளைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு ராஜா மாதிரியே கத்திக்கொண்டு ஓடினான். கீரத் சிங் மதகுத் தண்ணீர் போகிற தூம்புக்குள் சேற்றில் மார்பு பதியப் படுத்துக்கொண்டான். தூம்பின் வாய் வழியே வட்டமாக ஒரு துண்டு வெளிச்சம், அதற்குள் மாந்தாதா விழுந்தான், அதற்குள் அவன் தலையை ஒருவன் ஈட்டியில் தூக்கினான், அவிழ்ந்து நீளமாகத் தரையில் கிடந்த பாகையை நம் குதிரைக்காரன் ஒருவன் சேணத்திலிருந்து தொங்கிக் குனிந்து அள்ளிக்கொண்டு பறந்தான். அந்தக் குதிரைக்காரன் என்ன செய்வான் பாவம், பாகையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழக்கம். ராஜாவின் உடம்பு கிடைக்காவிட்டால் பாகை. பாகையை மடியில் வைத்துக்கொண்டு ராணி தீயில் உட்காரலாம். அப்பா இதையெல்லாம் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லுவார், பருப்பில் உப்பு குறைவு என்று சொல்லுகிற மாதிரி. பேத்வா நதிக்கரையிலிருந்து டில்லிப் படையோடு புறப்பட்டுத் தெற்கே வந்து, இந்தப் பாறையைப் பரிசாக வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட மனிதர் அவர். நம் வீட்டில் ஆண்கள் இரண்டு விதமாகத்தான் திரும்பி வருவார்கள், ஜெயித்து வருவார்கள் அல்லது பாகையாக வருவார்கள் என்பார். பேத்வாவில் தண்ணீர் பச்சையாக ஓடும் என்பார். கீரத் சிங் அந்த நதியைப் பார்த்ததே இல்லை. அவன் பிறந்தது இங்கே, நீந்தப் பழகியது வருஷத்தில் சில நாள் மட்டும் தண்ணீர் வருகிற இந்தச் செய்யாற்றில், கனவில் பேசினால் தமிழில் பேசுகிறான் என்று பெண்சாதி ஹேம்குவரி சிரிப்பாள். ஆனால் பார்க்காத அந்த நதிக்காகவே அவன் மீசையை அப்படி முறுக்கினான், தரையில் குந்தி உட்காராமல் பழகினான், மீசை முளைக்காத வயசில் முதல் சண்டைக்குப் போனான். அப்பா தன் கட்டைவிரலைக் கீறி அந்த ரத்தத்தால் அவன் நெற்றியில் திலகம் வைத்தார். அன்று குதிரைமேல் உட்கார்ந்திருந்தபோது தொடை நனைந்தது, வேர்வை என்று முதலில் நினைத்தான். மாந்தாதா பக்கத்தில் குதிரையை நெருக்கி நிறுத்தி, தோல்பையிலிருந்த தண்ணீரைக் கைதவறியதுபோல் அவன் மடிமேல் கவிழ்த்துவிட்டான். அதைப்பற்றி இரண்டு பேரும் சாகிறவரை பேசவில்லை. சாகிறவரை. ஒருத்தன் செத்தாகிவிட்டது.

வண்டி அக்கரை ஏறியது. தாண்டவன் கோபத்தில் இருந்தான், தன்பாட்டில் பேசிக்கொண்டே வந்தான். கோட்டையில் விறகுக்கு என்ன பஞ்சம், மலைமாதிரிக் காய்ந்த புளியங்கட்டை குவிந்து கிடக்கிறது, ராணியம்மா அது வேண்டாம் என்றுவிட்டார்களாம். வில்வம்தான் வேண்டுமாம். அதுவும் அத்திப்பாக்கம் கோவில் தோப்பு வில்வம்தான் வேண்டுமாம். விடியற்காலையில் ஆள் வந்து, தூங்கிக்கொண்டிருந்த மாட்டை அவிழ்த்து, இவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அத்திப்பாக்கத்துக் குருக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெட்டவிட மாட்டேன் என்றார், அவரைச் சமாதானம் செய்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. "பச்சைக் கட்டப்பா இது. எண்ணெய் ஊத்தினாலும் புடிக்காது. எரியாது, பொகையும். இன்னாத்துக்கு இதைக் கேட்டாங்களோ, பெரிய எடத்து சமாச்சாரம்." பொகையும் என்ற சொல் கீரத் சிங்கின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. அவள் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவசரமாகப் போகக்கூட இல்லை, முறையாகப் போக நினைத்திருக்கிறாள், சிவனுக்கு உகந்த கட்டை, கோவில் கட்டை; அப்பா பார்த்துப் பார்த்து பேத்வாக்கரையிலிருந்து எடுத்துவந்த பெண் அல்லவா. பச்சை விறகில் எவ்வளவு நேரம் ஆகும்? அதை நினைக்காதே. ஒரு ஹோலிக்கு அவளே சமையல்கட்டில் உட்கார்ந்து பலகாரம் சுட்டாள், எண்ணெய் ஒரு சொட்டு மணிக்கட்டில் தெறித்தது, அவள் கத்தின கத்தலில் வாசல் காவற்காரர்கள் வாளோடு உள்ளே ஓடிவந்துவிட்டார்கள். அன்று முழுக்கக் கையை மடியில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். ராஜபுத்திரப் பெண்ணா நீ என்று அவன் கேலி செய்தான். ஊதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தழும்பு மிளகு அளவுக்கு இன்னும் இருக்கிறது. அவன் எழுந்து உட்காரப் பார்த்தான், தொடை பிடுங்கிக்கொண்டு இழுத்தது, மறுபடி விழுந்தான். இன்னும் வேகமாக ஓட்டக்கூடாதா என்று கேட்டான். குரல் யாருடையதோ போல இருந்தது. தாண்டவன் திரும்பிப் பார்த்து, இவ்வளவு பாரத்தை ஏற்றிக்கொண்டு ஓடினால் மாடு நாக்கைத் தள்ளிவிடும், உனக்கு என்ன அவ்வளவு அவசரம், வேடிக்கை பார்க்கவா என்றான்.

தீ என்றதும் எருமைப்பள்ளம் நினைவில் வந்துவிட்டது. வராமல் இருக்குமா. மலைப் பாளையக்காரனோடு நடந்த சண்டை அது, அப்பா போனபிறகு கீரத் சிங் தானாக நடத்திய முதல் சண்டை, ஜெயித்த சண்டை, கோட்டை வாசலில் அதற்காக ஒரு கல்லே நட்டிருக்கிறார்கள். பாளையக்காரன் ஒளிந்திருக்கிறான் என்று சொல்லி அந்த ஊரைக் கொளுத்தச் சொன்னான். பனையோலைக் கூரைகள், எவ்வளவு நேரம் பிடிக்கும். ஊர் காலியாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். அவன் குன்றின்மேல் குதிரையில் இருந்தான், காற்று இந்தப் பக்கம் திரும்பியது, வாடையை வைத்து ஊர் காலியாகவில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் மாந்தாதா மூக்கை மூடிக்கொள்ளாமல் நின்றான். நான் மூடிக்கொண்டேன். அன்றைக்கும் அவன்தான் இறங்கிப் போனான், என்ன செய்தானோ, யாரை வெளியே இழுத்தானோ, திரும்பி வந்தபோது புருவம் கருகியிருந்தது. ராஜா அப்படியே குதிரையில் இருந்தார். பாளையக்காரன் அந்த ஊரில் இல்லை. இதெல்லாம் இப்போது எதற்கு? அங்கே எரிந்தவர்களுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லை, இல்லவே இல்லை, ஆனால் வாடை ஒன்றுதான், ராணி என்று வாடை தனியாக இருக்காது. அவன் விறகில் கன்னத்தை வைத்து அழுத்தினான். வில்வத்தின் பச்சை வாசனை, பூஜை அறை மாதிரி, குளிர்ச்சியாக.

குளம்புச் சத்தத்தைத் தாண்டவன் முதலில் கேட்டான். கோணியை எடுத்து இவன்மேல் போட்டு, நாலு கட்டையைத் தூக்கிக் கோணிமேல் வைத்தான். குதிரைகள் வந்து வண்டியைச் சுற்றி நின்றன. கோணியின் இழைவழியே குதிரைக் கால்கள், ஒரு சிவப்புச் செருப்பு, ஈட்டியின் அடிக்கட்டை தெரிந்தன. எங்கே போகிறது என்று கேட்டார்கள். தாண்டவன் சொன்னான், நிதானமாக, ராணியம்மாவுக்கு என்று. பிறகு அவர்களில் மூத்தவனாகத் தெரிந்தவன் தன் மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னது கீரத் சிங்குக்கு விளங்கியது: புருஷன் சிங்கம் மாதிரி விழுந்தான், நானே பார்த்தேன், பெண்சாதியும் அப்படித்தான் இருப்பாள், வழிவிடுங்கள். குதிரைகள் ஒதுங்கின. சிவப்புச் செருப்புக்காரன் கையை நெஞ்சில் வைத்திருப்பான், வைத்திருப்பான் என்றே தோன்றியது. ஒரு கட்டையை உதறிவிட்டு எழுந்தால் போதும். நான் இதோ இருக்கிறேன், விழுந்தது நான் அல்ல. பிடித்துக்கொண்டு போவார்கள், செய்தி காற்றாகப் பரவும், ராஜா உயிரோடு அகப்பட்டார் என்று, இந்த மாடுகளை முந்திக்கொண்டு அது கோட்டைக்குப் போய்விடும், அவள் பிழைப்பாள். இவ்வளவு சுலபம். கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். ஒரு எறும்பு இமைமேல் ஏறியது, அதைக்கூடத் தள்ளவில்லை. குளம்புச் சத்தம் தேய்ந்து, முழுசாக இல்லாமல் போனபிறகும் கிடந்தான். தாண்டவன் கட்டைகளை எடுத்துவிட்டு, பயந்துட்டியா என்றான். கேலியாகக்கூட இல்லை, பசிக்குதா என்று கேட்கிற மாதிரி. கீரத் சிங்குக்கு அழுகை வந்தது, வரவிடவில்லை.

சலாம் வைத்திருக்கலாம். அவள் சொன்னாள். கோட்டைக்கு டில்லி கொடுத்த முத்திரையெல்லாம் பழங்கதை, நேரில் வந்து தலைவணங்கிக் கோட்டையைப் புதிதாகப் பெற்றுக்கொள் என்று நவாபிடமிருந்து ஆள் வந்தபோது, சபை முழுக்க இவன் முகத்தையே பார்த்தது. முகம் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தது. வணங்குகிற தலை பருந்துமலையில் இல்லை என்றான், தூண்களெல்லாம் அதைத் திருப்பிச் சொல்லின, மாந்தாதா மட்டும் தரையைப் பார்த்தான். அன்று சாயங்காலம் ஹேம்குவரி தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே, போய் ஒரு சலாம் வைத்துவிட்டு வந்தால் என்ன, நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள் என்றாள். அவன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சண்டைக்குப் புறப்பட்ட அன்று அவள் ஆரத்தித் தட்டோடு நின்றபோதுகூடத் தட்டைத்தான் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. இப்போது அந்த முகத்தை நினைத்துப் பார்க்கிறான், வரமாட்டேன் என்கிறது. மணிக்கட்டுதான் வருகிறது. சூரியன் பனந்தோப்புக்குமேல் இறங்கிவிட்டது, நிழல்கள் சாலையில் குறுக்கே விழுந்து கிடந்தன, வண்டி ஒவ்வொரு நிழலாக மிதித்துக்கொண்டு போயிற்று. தூரத்தில் பாறை தெரிந்தது, பாறைமேல் கோட்டைச் சுவர், அதற்குமேல் ஒன்றும் இல்லை, புகை இல்லை. இல்லை, இருக்கிறது. இல்லை, அது பருந்து. விறகு இங்கே இருக்கும்போது அங்கே எப்படிப் புகை வரும்? காய்ந்த புளியங்கட்டை இருக்கிறதாமே. காத்திருக்கப் பொறுக்காமல் அதிலேயே ஏற்றிவிட்டிருந்தால்?

அந்த நேரத்தில்தான் இடத்துமாடு படுத்துக்கொண்டது. நுகத்தோடு வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, விறகு சரிந்தது, அவனும் சரிந்து தரைக்கு வந்தான். தாண்டவன் மாட்டைத் திட்டவில்லை, முகத்தருகே குந்தி உட்கார்ந்து காதைத் தடவிக்கொடுத்தான். காலையிலிருந்து தண்ணீர் காட்டவில்லை, அது என்ன செய்யும் என்றான். கீரத் சிங் சாலையோரப் புல்லில் கிடந்தான். புல் மெத்தென்று இருந்தது. அப்போது அந்த எண்ணம் வந்தது, யாரோ பக்கத்தில் வந்து உட்காருவது போல, மரியாதையாக. போகாவிட்டால்? இங்கேயே இருந்துவிட்டால்? எல்லாம் சரியாக இருக்கிறது. ராஜா சிங்கம் மாதிரி விழுந்தார், எதிரியே சொல்லுகிறான். ராணி வில்வக் கட்டையில் ஏறினாள். கல் நடுவார்கள், அதில் ஒரு குதிரைவீரன், பக்கத்தில் ராணிக்கு அடையாளமாக மடக்கிய கை ஒன்று, கையில் எலுமிச்சம்பழம். அப்பா எங்கே இருந்தாலும் தலையசைப்பார். இதில் எங்குமே ஒரு தூம்பு இல்லை, சேறு இல்லை. எல்லாம் அழகாக முடிந்திருக்கிறது, ஒரே ஒரு ஆள் அதிகம், அவன் இந்தப் புல்லில் கிடக்கிறான், அவனும் விடிவதற்குள் ரத்தம் வடிந்து போய்விட்டால் கணக்கு நேராகிவிடும். அவனுக்கு அந்த நினைப்பு இதமாக இருந்தது. இதமாக இருக்கிறது என்பது தெரிந்ததும் உடம்பு தூக்கிப்போட்டது. அவளை எரித்துத்தானா நீ வீரனாக வேண்டும்? கைகளை ஊன்றி எழுந்தான். தொடையிலிருந்து சூடாக ஒன்று முழங்காலுக்கு இறங்கியது. சரிந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் போட்டான், ராஜா, தன் பெண்சாதியின் சிதைக்கு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல். தாண்டவன் எங்கிருந்தோ பானையில் தண்ணீர் கொண்டுவந்து காட்டினான். மாடு குடித்தது, யோசித்தது, எழுந்தது. கீரத் சிங் சக்கரத்தின் ஆரத்தைப் பிடித்துத் தள்ளினான்.

கடைசிக் கட்டையைப் போடும்போதுதான் ஜசோதா நினைவுக்கு வந்தாள். இவ்வளவு நேரம் எப்படி வராமல் இருந்தாள்? மாந்தாதாவின் பெண்சாதி. கல்யாணமாகி இரண்டு மழைக்காலம் ஆகவில்லை. சிரிக்கும்போது வாயை முந்தானையால் மூடிக்கொள்ளுவாள், மூடிக்கொண்டபிறகும் சிரிப்பு தோளில் தெரியும். அவள் இப்போது ஹேம்குவரி பக்கத்தில் இருப்பாள், தலைசீவி விடுவாள், மஞ்சள் அரைத்துக் கொடுப்பாள். தன் புருஷன் தப்பியவர்களோடு எங்கோ வந்துகொண்டிருக்கிறான், இன்றோ நாளையோ வந்துவிடுவான் என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டே, மறுபக்கம் ராணிக்காக அழுதுகொண்டிருப்பாள். செத்தது ராஜா என்பதால் அவள் சுமங்கலி. ராஜா போய் வாசலில் நின்றால்? பாகை யார் தலையில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். உடனே தெரியும், ஒருத்தரும் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை. குழி வெட்டியாகிவிட்டது, ஜனம் கூடியாகிவிட்டது, பெண்கள் மஞ்சள் வாங்கிக்கொள்ள மடியேந்தி நிற்கிறார்கள், விறகும் வந்துவிட்டது. ஒருத்தி தீயில் இறங்காவிட்டால் இன்னொருத்தி. எப்படிப் போனாலும் ஒரு பெண்ணுக்குத்தான் இதை ஏற்றிக்கொண்டு போகிறேன். முதலில் கை வைத்தது யார்? ஐயோ, யாராக இருந்தால் என்ன, யாராக இருந்தால் என்ன. மறுபடி வண்டியில் ஏறச் சொன்னான் தாண்டவன். அவன் ஏறவில்லை, பின்பக்கத்துக் கழியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலால் இழுபட்டுக்கொண்டே நடந்தான். படுத்தால் மறுபடி அந்த இதம் வந்துவிடும் என்று பயந்தான்.

கோட்டைக்கு வெளியே, குளக்கரையில், பந்தல் போட்டிருந்தார்கள். சூரியன் பாறையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டியைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து, விறகு வந்துவிட்டது என்று வாய்க்கு வாய் போயிற்று. தாரை ஊதுகிறவன் தாரையை எடுத்தான். வண்டிக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தவனை யாரும் பார்க்கவில்லை. பந்தலுக்கு அடியில் ஹேம்குவரி நின்றாள், கல்யாணச் சிவப்பில், மடியில் அந்தப் பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவள் கண்கள் விறகில் இருந்தன. வில்வ விறகை அவள் பார்த்த பார்வை, தூக்குமரத்தைப் பார்க்கிறவன் பார்வையாக இருந்தது, கீரத் சிங் அதைக் கண்டான், அதுவரை எந்த முகத்திலும் அவன் அதைக் கண்டதில்லை, தன் முகத்துக்குள் எவ்வளவோ தடவை உணர்ந்திருக்கிறான். பிறகு அவள் கண் விறகிலிருந்து கழிக்கும், கழியிலிருந்து அதைப் பிடித்திருந்த கைக்கும் வந்தது. பாகை கீழே விழுந்தது. தாரை ஊத எடுத்தவன் ஊதாமல் நின்றான். ஒரு கிழவி ராஜாவின் பேய் என்று முணுமுணுத்தாள், யாரோ அவளை அடக்கினார்கள். புரோகிதர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். ஜெயகோஷம் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் காவற்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா வண்டிக்குப் பின்னால் வந்து அவர்கள் பார்த்ததில்லை.

அவள்தான் நடந்து வந்தாள். அருகே வந்து, அவன் விழாமல் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். மஞ்சளும் பூவும் வேர்வையும் கலந்த மணம். உதடு அசையாமல், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, தங்கள் பாஷையில் சொன்னாள்.

"விறகு வரட்டும், விறகு வரட்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததில் ரொம்பத் தூரமான தோப்பு அதுதான்."

நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்தாயா என்று கேட்டான்.

"இல்லை. போய்விட்டீர்கள் என்றுதான் நம்பினேன்." மற்றக் கையாலும் அவனைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை, பயமாக இருந்தது."

இந்தச் சொல்லைக் கோட்டைக்குள் யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. அப்பா சொன்னதில்லை, மாந்தாதா சொன்னதில்லை. அது இவ்வளவு சின்னச் சொல்லா? எனக்கும் என்று சொல்ல வாயெடுத்தான், சொன்னானா, காற்று மட்டும் வந்ததா என்று தெரியவில்லை, அவள் பிடி இறுகியதை வைத்து அவளுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தான். ஒரு கணம் அவ்வளவுதான் உலகம். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் ஜசோதா தெரிந்தாள், கையில் மஞ்சள் கிண்ணம், அழுது வீங்கின கண். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டிச் சாலையைப் பார்த்தாள், வண்டிக்குப் பின்னால், பனந்தோப்பு வரைக்கும், காலியான சாலையை.

"அவர் பின்னால் வருகிறாரா, மகாராஜா?"

கீரத் சிங் பார்த்தான்: காவற்காரர்கள் கண் கீழே கிடந்த பாகைக்குப் போயிற்று, அவன் வெறுந்தலைக்கு வந்தது, அங்கிருந்து ஜசோதாவுக்குப் போயிற்று. புரோகிதர் விறகை ஒருமுறை பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் கெடுதல் இல்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது, எல்லோரும் பக்தியோடு இருந்தார்கள். ஹேம்குவரியின் நகம் அவன் முழங்கையில் அழுந்தியது.

"பிடிபட்டிருக்கிறான்," என்றான். "உயிரோடு இருக்கிறான்."

சொன்னதும் குரல் தானாக உயர்ந்தது, சபைக் குரல், இன்று முழுக்க எங்கோ தொலைந்திருந்த குரல். நாளைக் காலையில் கோட்டை வாசலைத் திறந்துவிடப் போவதாகச் சொன்னான். பருந்துமலையைக் கொடுத்து மாந்தாதாவை மீட்கப் போவதாகச் சொன்னான். அவ்வளவு பேரும் தலையாட்டினார்கள், ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கூடப்பிறக்காத ஒருவனுக்காகக் கோட்டையையே தருகிற ராஜாவை யார் குறைசொல்ல முடியும். ஜெயகோஷம் போட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கீரத் சிங்குக்குக் குளிர்ந்தது. இந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அதற்காகத்தான். சலாம் வைக்கப் போகிறவனுக்கு மறைப்பாக மாந்தாதாவை மறுபடியும் முன்னால் நிறுத்திவிட்டேனா? இரண்டும் ஒரே வாயில், ஒரே மூச்சில் வந்தது, எது முதலில் வந்ததென்று இதிலும் தெரியவில்லை. அந்தத் தலையை அவர்கள் கழுவித் துடைத்து யாரிடமாவது காட்டினால் தெரிந்துவிடும். எப்போது காட்டுவார்கள்? அதுவரைக்கும். அதற்குள் ஜசோதாவை எங்கேயாவது அனுப்பிவிடவேண்டும், ஹேம்குவரிக்குச் சொன்னால் போதும், சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தாண்டவனிடம் போய் விறகை இறக்கவேண்டாம், அப்படியே திருப்பிக்கொண்டு போ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடு இனி ஒரு அடி வைக்காதும்மா என்றான் அவன். அவள் தன் கை வளையல் ஒன்றைக் கழற்றி அவன் கையில் வைத்தாள், குளத்தில் தண்ணீர் காட்டிவிட்டு இப்போதே கிளம்பு என்றாள்.

ஜசோதா மஞ்சள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவன் காலில் விழுந்தாள். சேறு காய்ந்த கால். எழுந்திரு என்றான், எழுந்தாள். காயம் பட்டிருக்கிறதா என்று கேட்டாள். தோளில் சின்னக் காயம், கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றான். எந்தத் தோள் என்றாள். இடது என்றான். இடதா என்று சொல்லிக்கொண்டு, தன் இடது தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள், தழும்பு எங்கே வரும் என்று இடம் குறித்துக்கொள்ளுகிற மாதிரி. கண்ணீர் வழிந்த முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?"

"சொன்னான்," என்றான் கீரத் சிங்.

அவள் முந்தானையை இறக்கிவிட்டு, அவன் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.